பாரீஸில் ஓர் அஸ்ஹர் ஆலிம்: மன்னர் மாறிய மூன்று நாட்கள்

ஹிஜ்ரி 1246ஆம் ஆண்டு ஸபர் மாதத்தில், அதாவது 1830 ஜூலைத் திங்களின் கடைசி வாரத்தில், பிரான்ஸ் நாட்டின் தலைநகர் பாரீஸ் மூன்று நாட்களைத் துப்பாக்கி முழக்கத்திடையே கழித்தது. மூன்றாம் நாள் மாலைக்குள் ஓர் அரசரின் ஆட்சி அந்நகரில் முடிந்து போயிற்று. அந்நாட்களில் அங்குத் தங்கியிருந்து, கண்டதையும் கேட்டதையும் அரபு மொழியில் எழுதிவைத்த ஒருவர் உண்டு. அவர் பிரெஞ்சுக்காரரல்லர், அந்நாட்டில் அவருக்கு வாக்குரிமையில்லை, எந்தக் கட்சியோடும் கொள்வினை கொடுப்பினையுமில்லை. எகிப்திலிருந்து படிக்க வந்த மாணவர் குழுவுக்குத் தொழுகை நடத்தவும் மார்க்க விஷயங்களில் வழிகாட்டவும் நியமிக்கப்பட்ட இமாம் அவர். வயது 28. பெயர் ரிபாஆ ராபிஉ அத்-தஹ்தாவீ.

ஐரோப்பியர் கீழைநாடுகளுக்கு வந்து நம்மைப் பற்றி எழுதிய பயண நூல்கள் நூலகங்களில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. நம்மவர் அங்குச் சென்று அவர்களைப் பற்றி எழுதியவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே. அவற்றுள்ளும் ஒரு தேசத்தின் தேர்தலையும், அதன் முடிவை ஏற்க மறுத்த மன்னரையும், அவர் போய் வேறொருவர் வந்த விதத்தையும் உடனிருந்து எழுதிய நூல் எதுவென்று கேட்டால், தஹ்தாவீயின் ‘தக்லீஸுல் இப்ரீஸ் ஃபீ தல்கீஸி பாரீஸ்’ என்ற நூலையே நாம் முதலில் எடுத்துக்காட்ட வேண்டியிருக்கிறது. பொன்னைப் புடமிட்டு எடுப்பது போலப் பாரீஸின் செய்திகளைச் சுருக்கித் தருவது என்பது அப்பெயரின் பொருள். எதுகை மோனையோடு நூலுக்குப் பெயரிடும் அரபுப் புலவர் மரபு அதில் தெரிகிறது. உள்ளே இருப்பதோ அம்மரபு அதுவரை அறியாத செய்தி.

தஹ்தாவீ மேல் எகிப்தில் நைல் நதிக்கரையிலுள்ள தஹ்தா என்னும் ஊரில் 1801இல் பிறந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழித்தோன்றல்கள் என்று மதிக்கப்பெற்ற குடும்பம் அது. வரிவசூல் உரிமையால் வசதியாக வாழ்ந்து, முஹம்மது அலீ பாஷா அவ்வுரிமைகளை ஒழித்தபோது வறுமையடைந்தது. 1817இல் அவர் கெய்ரோ சென்று அல்-அஸ்ஹரில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஷைகு ஹஸன் அல்-அத்தார் என்ற அரிய ஆசான் வாய்த்தார். நெப்போலியனின் படை 1798இல் எகிப்துக்குள் நுழைந்தபோது உடன்வந்த பிரெஞ்சு அறிஞர்களோடு பழகியவர் இந்த அத்தார். பகைவனிடம் அறிவிருந்தால் அதைக் கேட்டறிவதில் கேவலமில்லை என்று கருதியவர். 1826இல் பாஷா நாற்பதுக்கு மேற்பட்ட மாணவர்களைப் பிரான்ஸுக்கு அனுப்பியபோது தஹ்தாவீயை இமாமாகச் சேர்க்கப் பரிந்துரைத்தவரும், அங்குக் காண்பதையெல்லாம் குறித்து வருமாறு மாணவரைத் தூண்டியவரும் அவரே.

தொழுகை நடத்தப் போன இமாம் அத்துடன் நிற்கவில்லை. பிரெஞ்சு மொழியைத் தாமே முயன்று கற்றார். குழுவின் படிப்பைக் கண்காணித்த ஜோமார் என்ற பிரெஞ்சு அறிஞர் அவருடைய ஆற்றலைக் கண்டு மொழிபெயர்ப்புத் துறையில் அவரை ஊக்கினார். ரூஸோ, வால்தேர் முதலானோரின் நூல்களை அவர் படித்தார். மோந்தெஸ்கியூவின் சட்ட நூலைப் படித்துவிட்டு, ஐரோப்பியரின் இப்னு கல்தூன் இவர் என்று குறித்துவைத்தார். அந்நியச் சரக்கைத் தம் வீட்டுத் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை நூல் நெடுகிலும் காண்கிறோம்.

சாசனம் என்ற புதுச் சொல்

பிரான்ஸின் அரசியலை விளக்க வந்த தஹ்தாவீ முதலில் செய்தது, 1814இல் பதினெட்டாம் லூயி மன்னர் வழங்கிய அரசியல் சாசனத்தைப் பிரிவு பிரிவாக அரபியில் பெயர்த்துக் கொடுத்ததுதான். பிரெஞ்சில் ‘ஷார்த்’ எனப்படும் அதற்கு அரபியில் சொல் இல்லை. ‘அஷ்-ஷர்த்தா’ என்று ஒலிபெயர்த்துக்கொண்டு அச்சொல்லின் வரலாற்றையும் சொல்லிவிட்டுப் போகிறார். அவருடைய முன்னுரை நம் கவனத்துக்குரியது. இச்சட்டத்தில் உள்ளவற்றில் பெரும்பாலானவை அல்லாஹ்வின் வேதத்திலோ நபிகளாரின் சுன்னத்திலோ இல்லாதவை என்று ஓர் ஆலிமுக்குரிய கடமையுணர்வோடு எச்சரிக்கிறார். ஆயினும் நீதியும் நேர்மையும்தாம் நாடுகள் செழிக்கவும் மக்கள் மனநிம்மதியோடு வாழவும் காரணம் என்பதை அவர்களுடைய அறிவு எவ்வாறு கண்டுகொண்டது என்பதை வாசகர் அறியட்டும் என்பதற்காகவே எழுதுவதாகவும் சொல்கிறார். பிரெஞ்சு மக்கள் சுதந்திரம் என்று எதை விரும்புகிறார்களோ, அது நம்மிடையே அத்ல், இன்ஸாஃப் என்று வழங்குவதேயாகும் என்பது அவர் தரும் விளக்கம்.

இவ்விளக்கம் முழுமையானதா என்று இன்று சிலர் கேட்கின்றனர். நீதி என்பது ஆள்பவனின் குணம், சுதந்திரம் என்பது ஆளப்படுபவனின் உரிமை, இரண்டும் ஒன்றாகுமா என்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் 1830இல் கெய்ரோவில் இருந்த ஒரு காதியோ வணிகரோ இதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் வேறெந்தச் சொல்லை அவர் எடுத்திருக்க முடியும்? அறிந்த சொல்லைக் கொண்டு அறியாத பொருளைக் காட்டுவதே உரையாசிரியர் வழக்கம். மேலும், அவர் சாசனத்தின் பிரிவுகளைக் குறைக்காமல் கொடுத்துவிட்டதால் வேறுபாட்டை வாசகரே கண்டுகொள்ளவும் வழியிருந்தது.

அப்பிரிவுகளில் சிலவற்றை நாமும் பார்த்துவிடுவோம். சட்டத்தின் முன் பிரெஞ்சுக்காரர் அனைவரும் சமம் என்கிறது முதற்பிரிவு. அவரவர் செல்வத்துக்கேற்பவே வரி என்கிறது இரண்டாம் பிரிவு. இந்த வரிமுறை முஸ்லிம் நாடுகளிலும் இருந்தால் நன்றாயிருக்கும், ஸக்காத் முதலிய வருமானங்கள் போதாதவிடத்து இமாமுல் அஃழம் அவர்களின் மத்ஹபின் சில கூற்றுகளில் அதற்கு ஆதாரம் இருக்கவும் கூடும் என்று தஹ்தாவீ இடையிட்டுச் சொல்வதை நாம் இரண்டு முறை படித்தோம். பாஷாவின் வரிவசூல்காரர்கள் மேல் எகிப்தின் விவசாயிகளைப் பிழிந்தெடுத்த காலம் அது. அவ்வூர்க்காரர் எழுதிய இந்த இரண்டொரு வரிகளில் எவ்வளவு அடங்கியிருக்கிறது!

மன்னரின் மேனி புனிதமானது, அவரைக் கேள்வி கேட்கலாகாது, பொறுப்பேற்க வேண்டியவர்கள் அமைச்சர்களே என்றது 13ஆம் பிரிவு. நாட்டின் பாதுகாப்புக்குத் தேவையான ஆணைகளை மன்னர் பிறப்பிக்கலாம் என்றது 14ஆம் பிரிவு. பின்னால் வந்த குழப்பமெல்லாம் இந்த 14ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு வந்ததே.

சட்டமியற்ற இரண்டு சபைகள் இருந்தன. பிரபுக்கள் சபையில் மன்னரால் நியமிக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். மற்றது பிரதிநிதிகள் சபை. மாகாணங்களின் தூதர்கள் கூடும் திவான் என்று தஹ்தாவீ இதற்குப் பெயர் வைத்தார். வாக்களிக்க வேண்டுமானால் 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆண்டுக்கு 300 பிராங்க் நேர்முக வரி கட்டியிருக்க வேண்டும். தேர்தலில் நிற்க 40 வயதும் 1,000 பிராங்க் வரியும் தேவை. மூன்று கோடிக்கு மேல் மக்கள் வாழ்ந்த நாட்டில் வாக்காளர் தொகை ஒரு லட்சத்தைக்கூட எட்டவில்லை. பாட்டாளிக்கு வாக்கில்லை, பள்ளி ஆசிரியருக்கில்லை, எந்தப் பெண்ணுக்கும் இல்லை. ‘தேசத்தின் குரல்’ என்று அந்நாளைய பத்திரிகைகள் எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் இக்கணக்கை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆயினும் இந்தச் சிறு கூட்டமே மன்னருக்கு ‘இல்லை’ என்று சொல்லிவிட்டது என்பதுதான் வியப்பு.

வெற்றிச் செய்தியும் வாக்குப்பெட்டியும்

அப்போது ஆண்டவர் பத்தாம் சார்லஸ். பழைய அரச பரம்பரையினர். பாதிரிமாரின் சொல்லுக்குப் பெரிதும் செவிசாய்த்தவர். 1829 ஆகஸ்டில், ஓரளவு மிதவாதியான மார்த்தினியாக்கின் அமைச்சரவையை நீக்கிவிட்டுத் தமக்கு அணுக்கரான போலிஞாக் பிரபுவை அமர்த்தினார். சபைக்கு அது பிடிக்கவில்லை. 1830 மார்ச்சில் 221 உறுப்பினர்கள் ஒன்றுசேர்ந்து, இவ்வமைச்சர்கள்மீது மக்களுக்கு நம்பிக்கையில்லை என்னும் கருத்தைப் பணிவான மொழியில் மன்னருக்கு எழுதினார்கள். எதிர்த்தவர்கள் 181 பேர். மன்னர் சபையைக் கலைத்துத் தேர்தலுக்கு ஆணையிட்டார்.

நாட்டில் நிலவிய கட்சி நிலையைத் தஹ்தாவீ தம் நூலின் ஐந்தாம் பகுதியில் விளக்குகிறார். ஒரு சாரார் மன்னர் பக்கத்தவர்; ஆள்பவரிடம் அனைத்தையும் ஒப்படைத்துவிட வேண்டும், குடிமக்கள் குறுக்கிடலாகாது என்போர். பாதிரிமாரும் அவர்களைப் பின்பற்றுவோரும் இதில் மிகுதி. மற்றொரு சாரார் சுதந்திரப் பக்கத்தவர். சட்டத்தையே பார்க்க வேண்டும், மன்னர் அதை நிறைவேற்றும் கருவி போன்றவரே என்போர். அறிஞர்களும் பொதுமக்களில் பெரும்பாலோரும் இவர்கள் பக்கம். இவர்களிலும் ஒரு பிரிவினர் மன்னரே வேண்டாம் என்றும், எல்லாரும் ஆள இயலாதாகையால் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களே ஆளட்டும் என்றும் கூறுகிறார்கள் என்கிறார். அதற்கு அவர் ‘ஜும்ஹூரிய்யா’ என்ற சொல்லை ஆண்டு, அது என்னவென்று விளங்காத எகிப்தியருக்கு எடுத்துக்காட்டாகத் தம் சொந்த மாகாணத்தில் முன்னர் ஆட்சி செலுத்திய ஹவ்வாரா குலத்து ஷைகு ஹுமாமின் ஆட்சியைக் காட்டுகிறார். பாரீஸின் குடியரசுக் கட்சியினர் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். நாம் சிரிப்பதற்கில்லை. தஹ்தா ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு அதுவே விளங்கும் உவமை.

இதற்கிடையில் அல்ஜீரியா விவகாரம் வந்து சேர்ந்தது. இதை நாம் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அல்ஜியர்ஸிலிருந்து பிரான்ஸுக்குத் தானியம் போயிற்று. அதற்கான கடன் பல்லாண்டுகள் தீர்க்கப்படவில்லை. 1827இல் அதுபற்றிப் பேச்சு முற்றியபோது, அல்ஜியர்ஸை ஆண்ட ஹுஸைன் தே கையிலிருந்த ஈயோட்டும் விசிறியால் பிரெஞ்சுத் தூதரை அடித்துவிட்டார். கடன் பட்டவன் மானம் போயிற்றென்று கூச்சலிட்டான்! மூன்று ஆண்டுகள் துறைமுகத்தை முற்றுகையிட்டும் பலனில்லை. 1830இல் தேர்தல் நெருங்கியபோது போலிஞாக் அமைச்சரவை பெரும்படையை அனுப்பியது. வெளியில் ஒரு வெற்றி கிடைத்தால் உள்ளே வாக்குகள் கிடைக்கும் என்ற கணக்கு அதில் இருந்தது. ஜூலை 5ஆம் தேதி அல்ஜியர்ஸ் வீழ்ந்தது. ஒரு வாரத்துக்குள் செய்தி பாரீஸை எட்டிற்று. பீரங்கிகள் முழங்கின, தேவாலயங்களில் நன்றி வழிபாடு நடந்தது. பாரீஸின் பேராயர் மன்னரை வாழ்த்தி, கிறிஸ்தவம் இஸ்லாத்தின்மீது பெற்ற வெற்றியாக அதைப் புகழ்ந்தார்.

தஹ்தாவீ அப்போது அந்நகரில்தான் இருந்தார். ஒரு முஸ்லிம் நகரம் பறிபோன நாளில், பறித்தவர்களின் தெருக்களில் தீபாலங்காரத்தைப் பார்த்துக்கொண்டு நடக்க நேர்ந்த மனிதரின் உள்ளம் எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். ஆனால் அவர் எழுத்தில் கண்ணீர் இல்லை, வசையும் இல்லை. இந்தப் போர் மதத்துக்காக நடந்ததன்று, அரசியல் பூசலும் வாணிபத் தகராறும் செருக்குமே காரணம் என்று தெளிவாகச் சொல்கிறார். பேராயரின் வாழ்த்தைக் குறித்துவிட்டு, சில நாட்களுக்குள் புரட்சிக் கூட்டம் அந்தப் பேராயரின் மாளிகையையே சூறையாடியதையும் அவர் ஒளிந்தோடியதையும் அடுத்தாற்போல் எழுதுகிறார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

வெற்றி வாக்கைக் கொண்டுவரவில்லை. ஜூன் இறுதியிலும் ஜூலையிலும் நடந்த தேர்தலில் எதிர்த்தரப்பினர் முன்னிலும் வலுப்பெற்று 270க்கு மேற்பட்ட இடங்களைப் பிடித்தனர். அமைச்சரவைக்குக் கிடைத்தவை 150க்கும் குறைவு. 300 பிராங்க் வரி கட்டும் கனவான்கள் அல்ஜியர்ஸ் வெற்றிக்குக் கைதட்டிவிட்டு, வாக்கை மட்டும் தங்கள் விருப்பப்படியே போட்டார்கள்.

மன்னருக்கு இரண்டு வழிகள் இருந்தன. அமைச்சரை மாற்றியிருக்கலாம். அவர் மக்களை மாற்றப் பார்த்தார். 14ஆம் பிரிவைக் காட்டி ஜூலை 25இல் கையொப்பமிட்ட அரசாணைகள் மறுநாள் அரசிதழில் வெளியாயின. பத்திரிகைச் சுதந்திரம் நிறுத்தப்பட்டது. புதிய சபை ஒருமுறையேனும் கூடுமுன்னரே கலைக்கப்பட்டது. வாக்காளர் பட்டியலை மேலும் சுருக்கும் புதிய விதி வந்தது. செப்டம்பரில் மறுதேர்தல் என்று அறிவிக்கப்பட்டது. அதே நாளில் 44 பத்திரிகையாளர்கள் கூடி, இவ்வாணைகளுக்குப் பணிய மாட்டோமென்று கையொப்பமிட்டு வெளியிட்டார்கள்.

பத்திரிகை என்பதே அன்றைய எகிப்தியருக்குப் புதுமை. பாஷாவின் அரசாங்க இதழ் 1828இல்தான் தோன்றியிருந்தது. தஹ்தாவீ அதன் பயனை அழகாக விளக்குகிறார். ஒருவன் நற்செயல் புரிந்தாலும் தீச்செயல் புரிந்தாலும் பத்திரிகைக்காரர்கள் எழுதிவிடுவதால் பெரியவர் சிறியவர் அனைவரும் அறிகிறார்கள். அநீதி இழைக்கப்பட்டவன் தன் குறையை அதில் எழுதிவிட்டால் ஆள்பவர் செவிக்கும் எட்டுகிறது என்கிறார். அவற்றில் பொய்யும் மலிந்திருக்கும் என்று சேர்த்துச் சொல்லவும் அவர் மறக்கவில்லை.

ஜூலை 27, 28, 29 ஆகிய நாட்களின் நிகழ்ச்சிகளை உலக வரலாறு நன்கறியும். தெருக்களில் கற்களைப் பெயர்த்தும் மரங்களை வெட்டிப் போட்டும் தடுப்பரண்கள் எழுப்பினார்கள். கடைகள் மூடின, ஆலைகள் நின்றன. படைக்குத் தலைமை தாங்கிய மார்மோன் தளபதியின் சிப்பாய்களில் பலர் மக்களோடு சேர்ந்துகொண்டனர். இருதரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 1,000 பேர் மாண்டனர். சாசனம் நீடு வாழ்க என்பதே எங்கும் முழக்கமாயிருந்ததைத் தஹ்தாவீயின் பக்கங்களில் காண்கிறோம். ஒரு காகிதத்துக்கு, அதிலும் மன்னரே வழங்கிய காகிதத்துக்கு, அந்த மன்னருக்கெதிராகவே மனிதர்கள் உயிரைக் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அச்சுத் தொழிலாளரும் தச்சரும் கைவினைஞருமாவர். அச்சாசனம் அவர்களுக்கு வாக்குரிமை தந்திருக்கவில்லை.

தஹ்தாவீ இந்நிகழ்ச்சிக்கு இட்ட பெயர் ‘பித்னா’. நம் இல்லங்களில் அச்சொல் என்ன பொருளில் புழங்குகிறது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. ஆட்சியாளருக்கெதிராகக் கிளம்புவதை உலமாக்கள் நூற்றாண்டுகளாக அப்பெயரிட்டே அஞ்சி வந்தனர். தலைப்பில் அச்சொல்லை வைத்துக்கொண்டு அவர் எழுதியதைப் படித்தால் குற்றவாளி கிளர்ந்தவரல்லர் என்பது தெரிகிறது. சட்டத்தை முதலில் மீறியவர் மன்னரே. இத்தகைய ஒரு மக்களுக்குச் சுதந்திரத்தைத் தாராளமாக வழங்கியிருந்தால் அவருக்கு இந்த இக்கட்டு நேர்ந்திருக்காது என்பதே அவர் தீர்ப்பு. முஹம்மது அலீ பாஷாவின் ஊதியத்தில் வாழ்ந்தவர் இதை எழுதினார். அந்தப் பாஷாவின் அச்சகத்திலேயே இது அச்சேறியது.

பட்டப்பெயரில் ஒரு மாற்றம்

ஆகஸ்ட் 2ஆம் தேதி சார்லஸ் முடிதுறந்தார். தம் பேரனுக்கு, பத்து வயதும் நிரம்பாத சிறுவனுக்கு, முடியைக் கொடுத்துவிட்டுப் போவதாக எழுதினார். அதை எவரும் பொருட்படுத்தவில்லை. அரியணை காலியாயிருக்கிறது என்று சபை தீர்மானித்தது. ஆகஸ்ட் 7இல் 219 வாக்குகள் ஆதரவாகவும் 33 எதிராகவும் விழ, அதே பரம்பரையின் இளைய கிளையைச் சேர்ந்த லூயி பிலிப்புக்கு முடி அளிக்கப்பட்டது. 9ஆம் தேதி அவர் சாசனத்தின்மீது சத்தியம் செய்து அரசரானார். குடியரசு வேண்டுமென்ற குரல்கள் தெருவில் எழுந்தன. முதிய வீரர் லஃபாயெத் புதிய மன்னரை நகராட்சி மண்டபத்தின் மாடத்துக்கு அழைத்துவந்து மூவர்ணக் கொடியோடு மக்களுக்குக் காட்டியதும் அவை அடங்கின. தாம் இளமையில் பிடித்த கொள்கையை முதுமைவரை விடாதவர் என்பதால் லஃபாயெத்தின்மீது தஹ்தாவீக்கும் மதிப்பு உண்டு.

புதிய மன்னர் ‘பிரான்ஸின் அரசர்’ என்ற பட்டத்தை விட்டுப் ‘பிரெஞ்சு மக்களின் அரசர்’ என்று தம்மை அழைத்துக்கொண்டார். கடவுளின் அருளால் என்ற பழைய தொடரும் போயிற்று. பிரெஞ்சுக்காரருக்கு இது பெரிய மாற்றம். மண்ணுக்கு உடையவர் என்பதற்கும் மக்கள் வைத்த தலைவர் என்பதற்கும் உள்ள தூரம் அது. தஹ்தாவீ இவ்விடத்தில் நிதானமாக ஒரு கருத்துரைக்கிறார். மக்கள் தேர்ந்தெடுத்ததால் ஒருவர் மன்னரானார் என்பதும், அது இறைவன் அருளால் கிடைத்தது என்பதும் நம்மிடத்தில் ஒன்றுக்கொன்று முரணல்ல என்கிறார். பைஅத் என்னும் உடன்படிக்கையால் கலீபாக்கள் பொறுப்பேற்ற வரலாற்றை அறிந்த ஒருவருக்கு இது எளிதாகவே தோன்றியிருக்கும். ஐரோப்பா இரண்டு கட்சிகளாகப் பிரிந்து சண்டையிட்ட ஒரு கேள்வியை ஓர் அஸ்ஹரி இரண்டு வரிகளில் கடந்து போய்விடுகிறார். அவர் கேள்வியின் ஆழத்தைக் காணவில்லையா, அல்லது ஆழமே இல்லையென்று கண்டாரா? நமக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது.

சாசனம் திருத்தப்பட்டது. சட்டத்தை நிறுத்திவைக்க மன்னருக்கு ஒருபோதும் அதிகாரமில்லை என்று எழுதினார்கள். பத்திரிகைத் தணிக்கை இனி எக்காலத்தும் வராது என்றும் எழுதினார்கள். வாக்குரிமைக்கான வரி 200 பிராங்காகவும் வயது 25ஆகவும் குறைக்கப்பட்டன. வாக்காளர் தொகை ஒன்றரை லட்சத்தைச் சற்றுத் தாண்டியது. அவ்வளவுதான். தடுப்பரண்களில் உயிர்விட்டவர்களின் பிள்ளைகளுக்கு வாக்கு வர 1848 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர்களின் பெண்மக்கள் வழியினருக்கு 1944 வரை.

பழைய அமைச்சர்களின் விசாரணையே தஹ்தாவீயைப் பெரிதும் கவர்ந்தது போலும். வேலைக்காரன் வேடத்தில் தப்ப முயன்ற போலிஞாக் கடற்கரை ஊரொன்றில் பிடிபட்டார். டிசம்பரில் அவரையும் மற்ற மூவரையும் பிரபுக்கள் சபை விசாரித்தது. வெளியே தலை வேண்டுமென்று கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. உள்ளே குற்றஞ்சாட்டப்பட்டோர் அமர்ந்து வழக்கறிஞர் வைத்து வாதாடினார்கள். போலிஞாக்குக்காக வாதாடியவர் யார் தெரியுமா? முந்திய ஆண்டில் எந்த மார்த்தினியாக்கை நீக்கிவிட்டுப் போலிஞாக் அமைச்சரானாரோ, அதே மார்த்தினியாக்! தம் இடத்தைப் பறித்தவரின் உயிருக்காக அவர் எழுந்து நின்றார். டிசம்பர் 21இல் தீர்ப்பு வந்தது, ஆயுள் சிறை. தலை போகவில்லை. லஃபாயெத்தின் காவற்படை கூட்டத்தைத் தடுத்து நிறுத்தியது. ஆறு ஆண்டுகளுக்குள் அனைவரும் விடுதலையும் பெற்றார்கள். மம்லூக் தலைவர்களைக் கெய்ரோக் கோட்டைக்கு விருந்துக்கழைத்து 1811இல் கொன்று தீர்த்த பாஷாவின் நாட்டிலிருந்து வந்தவர், தோற்ற அமைச்சர் நீதிமன்றத்தில் நாற்காலியில் அமர்ந்து பதில் சொல்வதை வியப்போடு விவரித்தார் என்றால் அதன் காரணத்தை நாம் தேட வேண்டியதில்லை.

மாறாத ஒன்று

மன்னர் மாறினார், கொடி மாறியது, பட்டம் மாறியது. அல்ஜியர்ஸ் மட்டும் திருப்பித் தரப்படவில்லை. பத்தாம் சார்லஸின் போரைப் பழித்த கட்சியினரே ஆட்சிக்கு வந்தபின் அந்தக் கொள்ளையைக் காத்துக்கொண்டனர். லூயி பிலிப்பின் 18 ஆண்டு ஆட்சியில்தான் உள்நாட்டு ஊர்கள் தீக்கிரையாயின, களஞ்சியங்கள் சூறையாடப்பட்டன. அமீர் அப்துல் காதிர் 1832 முதல் 15 ஆண்டுகள் எதிர்த்து நின்று 1847 டிசம்பரில் சரணடைந்தார். சொந்த நாட்டுக்குப் போக விடுவதாக வாக்களித்து அவரைச் சிறையில் வைத்தார்கள் என்று சிலர் எழுதுவர், கொடுத்த வாக்கு முஸ்லிம் நாடொன்றுக்கு அனுப்புவதாக, அடைத்ததோ பிரான்ஸில். இரண்டு மாதங்களில் லூயி பிலிப்பும் மற்றொரு புரட்சியில் ஓடினார். வந்த குடியரசும் அல்ஜீரியாவை விடவில்லை. 1962 வரை எத்தனை தேர்தல்கள், எத்தனை ஆட்சி மாற்றங்கள்!

தஹ்தாவீ பெயர்த்த சாசனத்தின் 73ஆம் பிரிவு, குடியேற்ற நாடுகள் தனிச் சட்டங்களாலும் விதிகளாலும் ஆளப்படும் என்கிறது. சமத்துவம் பேசும் முதற்பிரிவு கடல் தாண்டாது என்பதே இதன் உட்பொருள். அந்தப் பிரிவின் கீழ் நம்மவரும் இருந்தார்கள். நாகூருக்கு வடக்கே சில மைல் தொலைவிலுள்ள காரைக்காலும் புதுச்சேரியும் ஆங்கிலேயர் 1814 உடன்படிக்கையின்படி திருப்பிக் கொடுத்தபின் அதே பத்தாம் சார்லஸின் ஆட்சியில்தான் இருந்தன. காரைக்கால் மரைக்காயர்களின் மன்னரும் 1830 ஆகஸ்டில் மாறினார். அவர்களை எவரும் கேட்கவில்லை. பாரீஸ் சபைக்குப் பிரெஞ்சிந்தியா நிலையாக ஒரு பிரதிநிதியை அனுப்பியது 1871க்குப் பிறகே.

இந்த இரட்டை நிலையைத் தஹ்தாவீ கண்டித்து எழுதவில்லையே என்று நமக்கு மனக்குறை உண்டு. பேராயரைப் பற்றிய அந்த மௌனமான வரிகளுக்கு மேல் அவர் போகவில்லை. பிரான்ஸின் நட்பை நாடிய பாஷாவின் ஊழியர் என்ற தடை ஒருபுறம். கற்க வந்த இடத்தில் கற்பதையே முதற்கடனாகக் கொண்ட ஆசான் அத்தாரின் வழி மறுபுறம். ஆனால் அவர் உண்மையை மறைக்கவில்லை. தேர்தலையும் அல்ஜியர்ஸையும் அடுத்தடுத்த பக்கங்களில் வைத்துவிட்டுப் போனார்.

1831இல் அவர் தாயகம் திரும்பினார். நூல் 1834இல் புலாக் அச்சகத்தில் வெளிவந்தது. ஷைகுல் அஸ்ஹராகிவிட்டிருந்த அத்தார் அதற்குப் பாராட்டுரை வழங்கினார். பாஷா அதை அதிகாரிகளிடையே பரப்பச் செய்து, துருக்கியிலும் பெயர்க்க ஆணையிட்டார். அப்பெயர்ப்பு 1839இல் வந்தது. தஹ்தாவீ மொழிகள் பள்ளியின் தலைவரானார். அவரும் அவர் மாணவர்களும் பெயர்த்த நூல்கள் ஏராளம்.

ஆனால் எகிப்தில் ஆட்சி மாற்றம் என்பது அரண்மனைக்குள் நடக்கும் காரியமாகவே இருந்தது. அதன் விளைவு மட்டும் வெளியே தெரியும். 1848 இறுதியில் அப்பாஸ் பதவிக்கு வந்தார். மொழிகள் பள்ளி மூடப்பட்டது. 1850இல் தஹ்தாவீயைச் சூடானின் கார்த்தூமுக்கு ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியராக அனுப்பினார்கள். அது நாடுகடத்தலன்றி வேறில்லை. பாரீஸ் நூலின் இரண்டாம் பதிப்பு அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்ததையும் இதையும் இணைத்துப் பார்ப்போர் உண்டு. உடன்சென்ற ஆசிரியர் பலர் அந்த வெப்பத்தில் மாண்டனர். அவர் அங்கே அமர்ந்து, ஓர் இளவரசனுக்கு நல்லாட்சி கற்பிக்கும் ஃபெனலோனின் ‘தெலெமாக்’ என்ற பிரெஞ்சுக் கதையை அரபியாக்கினார். 1854இல் அப்பாஸ் கொல்லப்பட்டு ஸயீத் பாஷா வந்ததும் திரும்ப அழைக்கப்பட்டார். அந்தக் கதை எகிப்தில் அன்று, பெய்ரூத்தில் 1867இல் அச்சாயிற்று.

1866இல் கெதீவ் இஸ்மாயீல் 75 பேர் கொண்ட ஒரு பிரதிநிதி சபையைக் கூட்டினார். கிராமத் தலைவர்கள் தேர்ந்தெடுத்த சபை அது. ஆலோசனை சொல்லலாம், ஆணையிட முடியாது. பாரீஸில் சபையைக் கண்டுவந்து 35 ஆண்டுகளுக்குப்பின் தஹ்தாவீ தம் நாட்டிலும் ஒன்றைக் கண்டார். 1869இல் வெளியான தம் நூலில், ஆள்பவரைக் கட்டுப்படுத்துபவை இறையச்சமும் மனசாட்சியும் மட்டுமல்ல, மக்களின் பொதுக்கருத்தும்தான் என்று எழுதினார். 1873 மே மாதத்தில் அன்னார் காலமானார்.

ஆறு ஆண்டுகளில் இஸ்மாயீலின் கடன் அவரைச் சூழ்ந்துகொண்டது. இங்கிலாந்தும் பிரான்ஸும் நெருக்க, 1879 ஜூன் 26ஆம் தேதி இஸ்தான்பூலிலிருந்து சுல்தானின் தந்தி கெய்ரோ வந்தது. ‘முன்னாள் கெதீவ் இஸ்மாயீல் பாஷாவுக்கு’ என்று அதில் முகவரியிடப்பட்டிருந்தது. அன்றே அவர் மகன் தவ்ஃபீக் பதவியேற்றார்.